வலது துடுப்பு

பையன்கள் வீடு திரும்பாமல் போன அந்த வருடங்களில் நான் கண்டியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கற்பிட்டிக் கரையில் செத்து ஒதுங்கிய டொல்பின் ஒன்றை மாணவர்கள் நாங்களே அறுத்தோம். வலைதான் அதைக் கொன்றது என்று நிரூபித்தால் அங்கே அந்த வலையைத் தடைசெய்யச் சொல்லி மனுப் போடலாம் என்றார் பேராசிரியர். வலது துடுப்பில் வலை அறுத்த தடம் எலும்புவரை இறங்கியிருந்தது. எலும்பு சுத்தமாகக் கிடைக்க மீதிச் சதையை மண் தின்ன வேண்டும். விடுதியில் புதைக்க விடமாட்டார்கள் என்று இரண்டு துடுப்புகளையும் பன்வில தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கொண்டுபோனேன்.

"படிக்க அனுப்புனா செத்த மீனத் தூக்கிட்டு வர்றா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

சின்ன எலும்புகள் கலந்துவிடாமல் ஒவ்வொரு துடுப்பையும் கம்பிவலையில் இறுக்கிக் கட்டி மாட்டெருக் குழியில் புதைத்தேன். டொல்பின் துடுப்புக்குள் ஐந்து விரல் உண்டு என்று லயத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. படித்த முட்டாளுக்கு அது தோன்றவில்லை.

சில மாதம் கழித்து, நான் வீட்டுக்கு வந்திருந்தபோது, அடைமழையில் குழி சரிந்தது. காலையில் கொழுந்து பறிக்கப் புறப்பட்டவர்கள் பாதையில் பேயறைந்ததுபோல் நின்றார்கள். பனிமூட்டத்துக்குள், கட்டவிழ்ந்த கம்பிவலையில் ஒரு கை விரிந்து கிடந்தது. எனக்கே ஒரு கணம் அது டொல்பினாகத் தெரியவில்லை. அத்தனை உயர மலையில் கடல் நாறியது.

லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பிராவில் குடியிருந்த பெரியம்மா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய ஒரே மகன் வத்தேகம சந்தைக்குப் போனவன், வரவேயில்லை. நான் பின்னால் ஓடினபோது எலும்புகளை மஞ்சள் தண்ணீரில் கழுவி அவன் இடுப்பில் உடுத்திய சாரத்தில் பரப்பியிருந்தார்.

"பெரியம்மா, இது நான் பொதச்ச மீனு. மனுசனுக்கு ஒரு வெரல்ல மூணு எலும்புதான். எண்ணிப் பாருங்க."

"எண்ணிட்டேன் பாப்பா. இந்த வெரல்ல எட்டு இருக்கு." குரலில் அழுகையே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "எம்புள்ள இல்லன்னு தெரியும். ஆனா கருமாதி செய்ய ஏதாச்சும் வேணுமில்ல?"

வலைத்தடம் பதிந்த எலும்பு அவர் கையில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. பிறகு கண்டிக்குத் திரும்பி, பேராசிரியரிடம் நாய் தூக்கிப்போய்விட்டது என்று பொய் சொன்னேன். ஆதாரம் இல்லாமல் அவர் மனுவே போடவில்லை.

அன்று மத்தியானம் தோட்டத்துச் சுடுகாட்டில் லயமே கூடி நின்றது. அது யாருடைய கையும் இல்லை என்று அதற்குள் எல்லோருக்கும் தெரியும். அவன் பெயரைச் சொல்லி நானும் ஒரு பிடி மண் போட்டேன்.