மஞ்சள் கோட்டுக்கு வெளியே

எனக்குக் கோபம் அதிகம். வாய் அதைவிட அதிகம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது தானே கெட்டுத் தொலைகிறது, பரவாயில்லை. நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தேன். அவள் பெயர் பாக்கியம். ஊர் மொரிஷியஸ் தீவில் லாங் மவுண்டன், மலையடிவாரம். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என் அசட்டுத்தனத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் விஸ்வம், கோயம்புத்தூர்க்காரன். எண்பத்தைந்தில் மொரிஷியஸுக்கு வந்தேன். போர்ட் லூயியில் கார், வேன், மினி பஸ் இறக்குமதி செய்து விற்கும் ஒரு கம்பெனியில் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் வேலை. அந்த வருஷங்களில் கடற்கரையில் எங்கு பார்த்தாலும் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கரும்புக் காட்டுக்கு நடுவிலெல்லாம் துணி ஆலைகள். ஓட்டலுக்கு மினி பஸ் வேண்டும், ஆலைக்குப் பெண்களை விடியற்காலையில் அள்ளிக்கொண்டு போக வேன் வேண்டும். வண்டிகள் வந்து குவிந்தன, பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை. பையன்களைச் சேர்த்தால் ஆறு மாதம் தொழில் படித்துவிட்டு, வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்கு டாக்சி ஓட்டப் போய்விடுவார்கள்.

எங்கள் டைரக்டர் ஜெரார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வருஷத்துக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, கம்பெனிச் செலவில் கோயம்புத்தூர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவது. ஒரு வருஷம் படித்து வந்ததும் இங்கே மெக்கானிக் வேலை. “பெண்கள் பாதியில் ஓட மாட்டார்கள்” என்றார். பெண்கள் முன்னேற வேண்டும் என்றெல்லாம் அவர் யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. நல்ல காரியம் சில சமயம் இப்படி அரைகுறைக் காரணத்தோடும் வந்து சேரும், வந்தவரை லாபம்.

வயது இருபத்து நாலுக்கு மேல் ஆகக் கூடாது என்று விதி. பத்தொன்பது பேர் மனுப் போட்டார்கள். எழுத்துத் தேர்வு முடிந்து இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி ரோஸ் ஹில் பெண், தொழிற்பள்ளியில் படித்தவள். இன்னொருத்தி பாக்கியம். ஸ்வெட்டர் ஆலையில் தையல் மிஷினில் வேலை. இருபத்து நாலு முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. இந்த வருஷம் விட்டால் அவளுக்கு அடுத்த வருஷம் என்பதே கிடையாது.

தையல்காரிக்கு வண்டி எப்படித் தெரியும் என்று நானே கேட்டேன். அவள் அப்பா பழனியாண்டி அதே ஆலைக்கு வேன் ஓட்டினவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் அவரே வேனைப் பிரித்துப் பூட்டுவார். பாக்கியம் டார்ச் பிடிப்பாள். அவருக்குக் கண் மங்க மங்க, டார்ச் அவர் கைக்குப் போனது, ஸ்பானர் இவள் கைக்கு வந்தது. பிறகு கண்ணில் ஆபரேஷன் நடந்து பார்வை திரும்பியது. ஸ்பானரை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் அவள் கிரியோலில் சொன்னாள். அங்கே பிறந்த தமிழர்கள் வீட்டில் பேசுவது கிரியோல்தான். தமிழ் கோயிலில் இருக்கும், பாட்டில் இருக்கும். முருகன் பாட்டு முழுசாக மனப்பாடம், ஆனால் தண்ணீர் கேட்கக் கிரியோல்தான் வரும். இதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம் உண்டு. நாம் அசல், இவர்கள் நகல் என்ற நினைப்பு. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

எண்பத்தெட்டு ஜனவரியில் செய்முறைத் தேர்வு. தைப்பூசக் காவடிக்குக் கொடியேறி ஆறாம் நாள். ஒரு மினி பஸ்ஸின் டீசல் என்ஜினில் நானே ஒரு கோளாறு செய்து வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். ஜெரார், ஆபீஸ் நிர்வாகம் பார்க்கும் ஓர் அம்மாள், நான், மூன்று பேரும் தேர்வு நடத்துகிறவர்கள்.

ஒர்க்‌ஷாப் வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. பூட்ஸ் போடாமல் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பாக்கியம் சவாத்தோடு வந்து நின்றாள், அதாவது ரப்பர் செருப்பு. கையில் காப்புக் கட்டியிருந்தாள். ஸ்டோர் ஆள் கம்பெனியின் தோல் பூட்ஸ் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

“மோ பா கபாவ், மிஸ்யே” என்றாள். முடியாது ஐயா என்று அர்த்தம். “விரதம். இன்னும் நாலு நாள்தான். முடிஞ்சதும் வந்து செய்யறேன்.”

“இன்னிக்கு சாயங்காலம் பெயர் இந்தியாவுக்குப் போகணும்” என்றார் ஜெரார். அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க தமிழர்தானே. பூட்ஸ் போடக் கூடாதுன்னு உங்க மதத்தில இருக்கா?”

பாக்கியம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. இவர் நம்ம ஆள், இந்தியாவிலிருந்து வந்தவர், இவர் சொல்லிவிடுவார் என்ற நிம்மதி இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

நான் சொன்னேன்: “அப்படி ஒண்ணும் இல்லை. பழனிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். எங்க ஊர்ல காவடி எடுக்கிறவங்க பூட்ஸ் போட்டுக்கிட்டுதான் வேலைக்குப் போவாங்க. இதெல்லாம் இங்க இவங்களாச் சேர்த்துக்கிட்டது.”

ஏன் போட மாட்டாய் என்று அவளை ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. ஜெராரும் கேட்கவில்லை. இந்தியத் தமிழனே சொல்லிவிட்ட பிறகு கேட்க என்ன இருக்கிறது? பாக்கியம் கோட்டுக்கு வெளியிலேயே நின்றாள். ரோஸ் ஹில் பெண் உள்ளே போய் என்ஜினை முடுக்கினாள். அது பிடித்தது, இருமியது, அணைந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

“டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கு” என்று பாக்கியம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “ஃபில்டர் கிட்டப் பாருங்க.” சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். ஃபில்டருக்குப் போகும் குழாயின் நட்டைத்தான் நான் தளர்த்தி வைத்திருந்தேன். ரோஸ் ஹில் பெண் இருபத்தெட்டாவது நிமிஷம் கண்டுபிடித்தாள். அவளும் கெட்டிக்காரிதான், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்று சாயங்காலம் அவள் பெயர் போனது.

போ பசானில் எங்கள் வீடு. சாப்பிடும்போது இதை ஒரு வேடிக்கைக் கதையாக என் மனைவி அம்புஜத்திடம் சொன்னேன். “இங்கத்தவங்க பக்தி கொஞ்சம் ஓவர்” என்று முடித்தேன். அவள் சிரிக்கவில்லை. ரசம் ஊற்றப் போன கரண்டியை அப்படியே பாத்திரத்தில் வைத்துவிட்டாள்.

“ஏனுங்க, நமக்குக் கல்யாணம் ஆன வருஷம் நீங்க சபரிமலைக்கு மாலை போட்டீங்களே, அப்ப பட்டறைக்குத் தோல் பூட்ஸ் போட்டுட்டா போனீங்க?”

“அது வேற.”

“என்ன வேற? நீங்க செஞ்சா விரதம், அந்தப் புள்ள செஞ்சா ஓவருங்களா? ஊரான் முதுகுல இருக்கிற அழுக்கு மட்டும் உங்க கண்ணுக்கு நல்லாத் தெரியுதுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. எழுபத்து நாலில் நாற்பத்தொரு நாள் நான் தோலைக் காலில் படவிடவில்லை. அப்போது எங்கள் ஃபோர்மேன் திருவேங்கடம் என்னைக் கூப்பிட்டு, “சாமி, இரும்பு கால்ல விழுந்தா ஐயப்பன் வந்து ஒட்டவெக்க மாட்டார். உனக்கு எது ஆகாது, செருப்பா, தோலா?” என்று கேட்டார். தோல் என்றேன். மறுநாள் சாயப்பட்டறையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்து என் முன்னால் போட்டார். இதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைவு இருந்தது. அது என்னுடைய விரதம், இது அவளுடையது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு தலைக்கனம்.

மறுநாளே ஜெராரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. என் வேலை அனுமதி புதுப்பிக்கிற காகிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. நான் தவறாகச் சொன்னேன் என்று போய் நிற்கப் பயம். நாலு நாள் இப்படியே போனது.

காவடி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அம்புஜம் என்னைக் கிட்டத்தட்ட பஸ்ஸில் தள்ளி லாங் மவுண்டனுக்கு அனுப்பினாள். பழனியாண்டி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்க, வாங்க, சாப்பாடு” என்றார். அவரிடம் இருந்த தமிழ் மொத்தமும் அதுதான், எல்லாவற்றையும் எனக்கே செலவழித்தார். வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறினார்கள். வாசல் ஆணியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தொங்கியது. பாக்கியத்தின் அம்மா கரும்புக் காட்டு வேலைக்குப் போட்டுக்கொள்வது. அதைப் பார்த்ததும் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன்.

“தோல்தான் ஆகாதா?” என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

“ஆமா, மிஸ்யே. அப்பா கண்ணுக்காக நேர்ந்துக்கிட்டது. ஏழு வருஷம் காவடி, பத்து நாளும் தோல் தொடாம. இது ஆறாவது.”

“ரப்பர் பூட்ஸ்னா போட்டிருப்பியா?”

“போட்டிருப்பேன்.”

“அன்னிக்கே ஏன் சொல்லலை?”

“நீங்க தமிழர். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அப்புறம் நீங்க இல்லைன்னு சொல்லிட்டீங்க. பெரியவங்க பேச்சுக்கு மேல அங்க நான் என்ன பேச?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் மாலை, நாற்பத்தொரு நாள், பட்டறை, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கோபப்படுவாள், அழுவாள், எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“உங்களுக்கு யாரு குடுத்தாங்க, அந்த ரப்பர் பூட்ஸ்?”

“என் ஃபோர்மேன்.”

“நல்ல மனுஷர்” என்றாள். இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. திங்கட்கிழமை ஜெராருக்குக் கடிதம் எழுதினேன். ‘நான் சொன்னது பொய். இதே மாதிரி விரதம் நானே இருந்திருக்கிறேன். இந்தப் பெண் என்னால்தான் வாய்ப்பை இழந்தாள். அடுத்த ஆண்டு இவளுக்கு வயது விதியைத் தளர்த்த வேண்டும்’ என்று முடித்தேன். அவர் படித்துவிட்டு, “உங்க பேச்சை நம்பி ஒரு பெண்ணை வெளியே நிறுத்தினேன்” என்றார். என் அனுமதிக் காகிதத்தையும் கடிதத்தையும் ஒரே இழுப்பறையில் போட்டு மூடினார். மூன்று மாதம் அது திறக்கவே இல்லை. அந்த மூன்று மாதமும் அம்புஜம் எனக்கு வயிறார ரசம் ஊற்றினாள். கடைசியில் இரண்டிலும் ஒரே நாளில் கையெழுத்து விழுந்தது.

எண்பத்தொன்பதிலும் ஜனவரியில்தான் தேர்வு. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டேன். கோயம்புத்தூரில் இடம் பதியும் நாள் அதுதான், முடியாது என்றார்கள். பாக்கியத்துக்கு ஏழாம் வருஷக் காவடி. இந்த ஒரு வருஷம் தள்ளிப்போடேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாய்க்கு அத்தனை புத்தி வந்திருந்தது.

அவள் அதே சவாத்தோடு வந்து மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றாள். ஜெரார் என்னைப் பார்த்தார். “என்ன, இந்த வருஷம் உங்க மதத்தில இருக்கா?”

“இருக்கு” என்றேன். முந்தின நாளே போர்ட் லூயிச் சந்தையில் வாங்கிப் பையில் வைத்திருந்த ரப்பர் பூட்ஸை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் குனிந்து, கோட்டின் மேல் வைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை, திருவேங்கடமாகவே ஆகிவிட்ட மாதிரி. பாக்கியம் பூட்ஸைப் பார்த்தாள். மேஜை மேல் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்துத் தரும்படி ஆபீஸ் அம்மாளிடம் கேட்டு வாங்கி, கசக்கி ஏதோ செய்துவிட்டு, போட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். அந்த முறை நான் செய்து வைத்த கோளாறு கொஞ்சம் கடினமானது. அவள் பதினோரு நிமிஷத்தில் என்ஜினை ஓடவிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் மாதம் கோயம்புத்தூருக்குப் புறப்படும் முன்தினம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். அந்த பூட்ஸைக் கழுவிக் காயவைத்து ஒரு பையில் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். நீயே வைத்துக்கொள், அங்கே உதவும் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். உள்ளே கையை விட்டேன். விரல் நுனி இருக்க வேண்டிய இடத்தில், இரண்டிலும், செய்தித்தாள் பந்து இறுகிக் கிடந்தது.

“ஒரு சைஸ் பெரிசு, மிஸ்யே” என்றாள் பாக்கியம். “கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”