முப்பத்தொன்றாவது பச்சைக் குடம்

எங்கள் தெருவில் யாரும் குடத்தில் பெயர் எழுதியதில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. வாய் உடைந்த நீலக் குடம் எதிர்வீட்டுப் பெரியம்மாவுடையது. அடியில் பிளாஸ்டிக்கை உருக்கி ஓட்டையை அடைத்தது, இட்லி விற்பவருடையது. கழுத்தில் சிவப்புத் துணி சுற்றியது எங்களுடையது. கொருக்குப்பேட்டைக்குத் தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறரைக்கு வரும். முந்தைய நாள் மாலையே வீட்டுக்கு ஒரு குடம் வரிசையில் இருக்க வேண்டும். குடம் நின்றால் ஆள் நின்றதாகக் கணக்கு.

அம்மன் கோயில் விழாக் குழுவினர் அந்த வருடம் வீட்டுக்கொரு குடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆடியில் கொடுக்கவேண்டிய குடங்கள் ஆவணியில் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே பச்சை, ஒரே அளவு. புதுக் குடத்தை நாலு பேர் பார்க்க வைக்காமல் யாருக்கு மனம் கேட்கும்? அன்று மாலை நாற்பத்து மூன்று வீடுகளும் பழைய குடத்தை உள்ளே தள்ளிவிட்டுப் புதியதைக் கொண்டுவந்து வைத்தன. வரிசை பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாலையில் குடங்களுக்குக் காவல் இருப்பது என் வேலை. சும்மா உட்காரத் தெரியாத பிள்ளை நான். சரக்கு ரயில் போனால் பெட்டிகளை எண்ணி எழுதுவேன்; தெருவில் காயும் போர்வைகளை நிறவாரியாக எழுதுவேன். அன்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் யார் எத்தனையாவதாகக் குடம் வைத்தார்கள் என்று எழுதினேன். யாரும் கேட்டு எழுதவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு அப்பாவின் தங்கைக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம், நாற்பது பேருக்குச் சாப்பாடு. டிரம்மில் ஒரு சாண் தண்ணீர்தான் கிடந்தது. அதிலும் அம்மா காலடிப்பேட்டை உறவினர்களை அழைத்துவிட்டு, ஷேர் ஆட்டோ கிடைக்காமல் தாமதமாக வந்துதான் குடத்தை வைத்தாள். வீட்டுக்கு எட்டுக் குடம் என்று பிடித்தால், முப்பது வீட்டைத் தாண்டுவதற்குள் லாரியின் குழாய் இளைத்துவிடும். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் லாரி பின்பக்கமாக வந்தது. வந்த வேகத்தில் வரிசையை இடித்தது. காலிக் குடங்கள் பந்துபோல ஓடிச் சாக்கடை ஓரம்வரை சிதறின. முன்பென்றால் ஆளாளுக்குத் தன் குடத்தை எடுத்து இரண்டு நிமிடத்தில் வரிசையைச் சரிசெய்திருப்பார்கள். அன்று எல்லோரும் ஒரே மாதிரிக் குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோருமே முதல் பத்துக்குள் வந்தவர்களாகிவிட்டார்கள்.

“இன்னாமே, நீ விளக்கு வெச்சப்புறம் வந்தவ. எனுக்கு முன்னால நிக்கிற?”

“உன் கண்ணுல தான் பொற. நான் அஞ்சாவது.”

கூச்சல் ஏறியது. அம்மாவும் சளைக்கவில்லை. தான் எட்டாவது என்றாள். விசேஷ வீடு என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஓட்டுநர் கதவில் சாய்ந்துகொண்டு, பத்து நிமிடம் பார்ப்பேன், அதற்குள் வரிசை நிற்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன் என்றார். கேட்பவர் யாரும் இல்லை.

நான் வீட்டுக்குள் ஓடி நோட்டை எடுத்து வந்தேன். என் குரல் கூட்டத்தின் இடுப்பைத் தாண்டவில்லை. ஓட்டுநர்தான் பார்த்துவிட்டு, என்னைத் தூக்கி லாரியின் பின் படியில் நிறுத்தினார். முதலாவது எதிர்வீடு என்று படித்தேன். இரண்டு, மூன்று என்று போவதற்குள், ஐந்தாவது நான்தான் என்றவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“நிறுத்து பாப்பா. உங்கம்மா எத்தினியாவது? அத்த மொதல்ல படி.”

நோட்டைப் பார்த்தேன். அம்மாவையும் பார்த்தேன். எண் எண்தானே.

“முப்பத்தொண்ணு.”

தெரு சட்டென்று அடங்கியது. அம்மா என்னையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவின் கடைசியை நோக்கி நடந்துபோய் நின்றாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன்.

அம்மாவோடு இரண்டு வருடமாகப் பேசாத எதிர்வீட்டுப் பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். “அதான் புள்ள எளுதி வெச்சிகீதே. கம்முனு கேளுங்க. நீ படிம்மா.”

படித்தேன். நாற்பத்து மூன்று பெயர்களையும் நிறுத்தி, தெளிவாக, பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதுபோலப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பச்சைக் குடம் நகர்ந்து தன் இடத்துக்குப் போனது. ஐந்தாவது என்றவள் இருபத்திரண்டில் போய் நின்றாள். ஓட்டுநர் வால்வைத் திறந்தார். அந்தப் படியில் நின்ற எனக்கு, கொருக்குப்பேட்டையே என் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டு நிற்பதாகத் தோன்றியது.

இருபத்தொன்பதாவது வீட்டோடு தண்ணீர் தீர்ந்தது. அம்மா காலிக் குடத்தோடு திரும்பினாள். அவள் வீட்டுப் படியை மிதிப்பதற்குள் எதிர்வீட்டிலிருந்து இரண்டு குடம் வந்தது. பிறகு இட்லிக்காரர் ஒன்று, இருபத்திரண்டில் நின்றவள் ஒன்று என்று அடுப்படி நிறைந்து, டிரம் நிறைந்து, கடைசியில் அண்டாவையும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. பதினொரு மணிக்கு அத்தையின் இரண்டு கையிலும் வளையல் நிறைந்தது. ஐந்து வகைச் சாதமும் மிச்சமில்லாமல் போனது. எதிர்வீட்டுப் பெரியம்மா இரண்டாம் முறை புளியோதரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் மாலையிலிருந்து குடம் வைக்க வருகிறவர்கள் என்னிடம் வந்து பதிந்துவிட்டுப் போனார்கள். அதற்கென்று நீளமான ஒரு நோட்டே எனக்குக் கிடைத்தது. இன்று மணலியில் ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து அழுத்தமும் வெப்பமும் பதிகிறேன். என் முதல் பதிவேடு அதுதான்.

பட்டியலில் ஒரு பிழைகூட இல்லாததால்தான் தெரு அதற்கு அடங்கியது என்று பள்ளி முடியும்வரை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொல்லும்போதெல்லாம் அம்மா ஏதாவது வேலையாக இருப்பாள். குறுக்கே பேசியதே இல்லை. நான் வாசித்ததற்குக் கட்டுப்பட்டு முதல் ஆளாகத் தன் இடத்தில் போய் நின்றது யார் என்று, அத்தனை முறை சொல்லியும், எனக்கு எழுதிப் பார்க்கத் தோன்றவில்லை.