வத்தமா, வாங்கலா

அன்று காலை ஏழு மணிக்கு எங்கள் தீவில், அக்காள்மடத்தின் வடக்குக் கரையில் கடல் இல்லை. முந்தின நாள் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் ஈர மணலும், மணலில் ஒருக்களித்துக் கிடந்த வள்ளங்களும், குட்டைகளில் மாட்டிக்கொண்டு துள்ளிய சின்ன மீன்களும்தான் இருந்தன. நான் நிலவியல் முதுகலையில் முதல் வருஷத்தை முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தேன். கடல் உள்வாங்குவதைச் செய்தியில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் இல்லை. எனக்கு ஒரே குஷி. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டே ஓடினேன்.

சித்திக்குக் குஷி இல்லை. அவளுடைய ஐந்து மிதவைகளும் தரைதட்டிக் கிடந்தன. மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே போகும் கயிறுகளில் கடல்பாசித் துண்டுகளை முடிந்து, கடலில் மிதக்கவிட்டு வளர்த்து விற்பது அவள் தொழில். இந்த ஐந்தும் விற்க வைத்தவை அல்ல. விதைப்பாசி. இதைத் துண்டு போட்டுத்தான் அடுத்த மிதவைகள் எல்லாவற்றையும் கட்ட வேண்டும். அந்தச் சமயம் அக்கம்பக்கத்தில் யாரிடமும் விதை இல்லை. இது செத்தால் அவளுக்கு அந்தப் பருவமே கிடையாது. பாசி வெயிலில் சில மணி நேரம்தான் தாங்கும்.

"ஏண்டி, நீ படிச்சவதான? தண்ணி எப்ப வரும்?"

இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்றுதான் நான் காத்திருந்திருக்கிறேன் போல. போனைத் திறந்தேன். கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் அட்டவணை அதில் இருக்கிறது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "பதினோரு மணிக்கு ஏறிரும் சித்தி" என்றேன்.

சாய்ந்த வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்த மாமா சிரித்தார். வள்ளம் அவருடையது. அன்றைக்கு அவருக்கு வேறு வேலை இல்லை.

"கடலு உள்ள வாங்கியிருக்கு. வாங்குனதத் திருப்பிக் குடுக்குற பழக்கம் நம்ம குடும்பத்துலயே ஒருத்தருக்கும் இல்ல. கடலு மட்டும் கரெக்டா பதினோரு மணிக்குக் குடுத்துருமாக்கும்?"

"ஒங்களச் சொல்லுங்க மாமா. எங்களச் சேக்காதீங்க" என்றாள் மதினி, என் அண்ணன் மனைவி. அவள் தன் மிதவைகளை அதற்கு முந்தின வாரம்தான் அறுத்துக் கரையேற்றி, விதைக்குக்கூட வைக்காமல் விற்றிருந்தாள். சித்திக்குக் கைகொடுக்க வந்திருந்தாள்.

சித்தி என் பேச்சை நம்பினாள். பாசியைத் தூக்கி வேறு தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டாம், இங்கே தண்ணீர் வரும்வரை நனைத்துக்கொண்டே இருப்போம் என்று முடிவானது. மூன்று பேரும் வாளியோடு குட்டைக்கும் மிதவைக்குமாக நடந்தோம். வெயில் ஏற ஏறக் குட்டைகளும் சுருங்கின. ஒவ்வொரு நடையும் நீண்டுகொண்டே போனது.

பதினோரு மணி ஆனது. பதினொன்றரையும் ஆனது. கடல் அங்கேயேதான் நின்றது, தூரத்தில் ஒரு நீலக் கோடாக. பாசியின் நுனிகள் வெளுக்கத் தொடங்கிவிட்டன.

போனை மறுபடி பார்த்தேன். நான் பார்த்த அட்டவணை தென்கடலுக்கு உரியது. எங்கள் தீவுக்கு இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. சரி, தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டதே என்று ஒரு சின்ன நிம்மதியோடு வடக்குக் கடலுக்கு மாற்றிப் பார்த்தேன். அதன்படி ஒன்பது மணியிலிருந்தே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். சரியான அட்டவணை இன்னும் தப்பாக இருந்தது!

அப்படியானால் காற்று. ஒரு வாரமாகக் கச்சான் அடித்திருந்தது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று தண்ணீரை வடகிழக்காகத் தள்ளியிருக்கலாம். நல்ல விளக்கம்தான். ஆனால் முந்தின நாள் மாலையே காற்று விழுந்துவிட்டது. சட்டை நுனிகூட அசையவில்லை. தள்ளிய கை எடுத்த பிறகும் தண்ணீர் ஏன் திரும்பவில்லை? எங்கள் பேராசிரியருக்குப் படத்தோடு செய்தி அனுப்பினேன். காற்றாக இருக்கலாம், காற்றழுத்தமாக இருக்கலாம், எங்கோ தூரத்துக் கடலில் உண்டான நீண்ட அலையின் பள்ளம் இங்கே வந்திருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம் என்று எழுதினார். 'நல்ல கேள்வி' என்று வேறு போட்டிருந்தார். வெளுத்துக்கொண்டிருந்த பாசிக்கு முன்னால் நின்றுகொண்டு அதை இரண்டு முறை படித்தேன்.

"சித்தி, அட்டவணைல ஏத்தம்னுதான் போட்டுருக்கு. வத்தம் காலைலயே முடிஞ்சிருச்சு" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "வத்தமா? வத்தம்னா எனக்கே தெரியுமே. நிலாவப் பாத்து நானே சொல்லிருவேன். அது தினம் வத்தும், தினம் ஏறும். இது வத்தம் இல்லடி, கடலு வாங்கியிருக்கு. அது தெரியாமத்தான ஒன்ட்ட கேட்டேன்?"

அட்டவணை போடுகிறவர்களுக்கு நிலாவும் சூரியனும் தெரியும். அவர்கள் கணக்கில் இருப்பது வத்தமும் ஏத்தமும்தான். வாங்கலுக்கு அட்டவணையே கிடையாது. கேட்டது ஒன்று, நான் பார்த்துச் சொன்னது வேறொன்று. அதுவும் கடிகாரம் மாதிரி சொல்லியிருக்கிறேன்.

"தூக்கிருவோம்" என்றாள் சித்தி. தென்கடலில் தண்ணீர் இருந்தது. காற்று விழுந்திருந்ததால் அலையும் அதிகம் இல்லை. மதினி போன் போட்டு ஒரு குட்டியானை வண்டியை வரவழைத்தாள். கயிறுகளை அவிழ்த்து, பாசியை வலைப்பைகளில் திணித்து, ஈரச் சாக்கால் மூடி, ரோட்டைத் தாண்டித் தெற்குக் கரைக்குக் கொண்டுபோனோம். அங்கே கட்டிக் கிடந்த வள்ளங்களுக்கு நடுவில் பைகளைக் கயிற்றில் தொங்கவிட்டோம். நான்கு மிதவைப் பாசி போய்ச் சேர்ந்தது. ஐந்தாவதை எடுக்க வடக்குக் கரைக்குத் திரும்பினால், மாமா வள்ளத்தில் எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வள்ளம் மிதந்துகொண்டிருந்தது.

"எங்கன போனீக? தண்ணி வந்து உங்களத் தேடுச்சு!"

காற்று மாறவில்லை. மணி நான்கைத் தாண்டியிருந்தது, அட்டவணைப்படி அது தண்ணீர் இறங்க வேண்டிய நேரம். நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். போனைத் திறக்கவே இல்லை.

தூக்கிப் போனது பிழைக்கும், விட்டது செத்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். கடல் மறுபடி வாங்கினாலும் வாங்கும் என்று தெற்கேயே விட்டுவைத்த பாசி ஒரு வாரத்தில் முழுக்க வெளுத்துக் கொழகொழவென்று உதிர்ந்தது. வெயிலில் விட்டுவிட்டு வந்த ஐந்தாவது மிதவையில் மேல்பக்கம் மட்டும் கருகி, ஈர மணலோடு ஒட்டிக் கிடந்த அடிப்பக்கம் பச்சையாகவே இருந்தது. கிளைகூட விட்டிருந்தது. காத்திருந்ததால் தெற்குப் பாசி கெட்டதா, பையில் நசுங்கியதாலா, தண்ணீர் மாறியதாலா? பேராசிரியரிடம் கேட்கவில்லை. 'நல்ல கேள்வி' என்பார்.

பிழைத்த பாசியைக் கரையில் பரப்பி வைத்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தோம். ஐந்து மிதவைக்குப் பதில் ஒன்று. அதிலும் பாதி.

"இவ பேச்சக் கேட்டு உக்காந்தேன், கெட்டுச்சு. கேக்காமத் தூக்குனேன், அதுவும் கெட்டுச்சு" என்றாள் சித்தி, மதினியைப் பார்த்து. கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"அடுத்த தடவ வாங்குனா தூக்கணுமா, விடணுமாடி?"

"தெரியல சித்தி."

"இத அன்னைக்கே சொல்லிருந்தா?"

"என்ன பண்ணிருப்பீங்க?"

அவள் கத்தியை நிறுத்தி யோசித்தாள். மதினியும் அவள் முகத்தையே பார்த்தாள். சித்தி மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

நான் கயிற்றை எடுத்தேன். இருக்கிற விதையை ஒரே மிதவையில் நெருக்கிக் கட்டினால் ஏதாவது நோய் வந்து மொத்தமும் போகலாம். இரண்டில் தள்ளித் தள்ளிக் கட்டினால் மீன் கொறித்தே தீர்த்துவிடலாம். "எப்படிக் கட்ட?" என்று கேட்டேன்.

"ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிக் கட்டு" என்றாள் சித்தி.