படத்துக்கு விழுந்த மாலை

அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படுவது என் மச்சாளின் சப்பாத்துத்தான். முகம் பிறகுதான். பந்தோடு எழும்பிப் பாய்கிறாள். இரண்டு காலும் பார்க்கிறவனின் மூஞ்சிக்கு நேரே வருகின்றன. சப்பாத்துக் கம்பனி எடுத்த படம் வேறு எப்படி இருக்கும்? ஆளுயரத்துக்குச் சட்டம் போட்டு, மொன்ட்ரியாலில் அவள் படித்த கல்லூரியின் விளையாட்டு மண்டபத்தில் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் வீட்டுப் பெட்டை ஒருத்தி அந்தச் சுவரில் பறப்பதென்றால் சின்னப் புதினமா? நாங்கள் குடியிருந்த வில்லரேயிலிருந்து பஸ் ஏறிப் போய் வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருவன்.

அவள் கூடைப்பந்து அணியில் சேர்ந்தபோது சட்டையில் கல்லூரியின் பெயர் நெஞ்சுக்கு நேரே இருந்தது. அணிக்குக் காசு போடக் கம்பனி வந்த பிறகு அது கைப்பக்கம் ஒதுங்கிக்கொள்ள, சப்பாத்தின் பெயர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கி சப்பாத்தைப் புகழும். சப்பாத்துக்கு வாய் இருந்தால் அதுவே பேட்டி கொடுத்திருக்கும். ஆனாலும் அந்த வெளிச்சத்தையும், முகம் தெரியுமளவுக்கு மினுங்கும் நிலத்தையும், அதன் நடுவே ஓடும் எங்கள் பிள்ளையையும் பார்த்து எனக்கு மெய் சிலிர்த்தது உண்மை. அவள் ஊரில் புழுதி மண்ணில் வெறுங்காலோடு வலைப்பந்து ஆடியவள்.

அவளுடைய தாய், என் தகப்பனின் தங்கை, எனக்கு மாமி. மூத்த மகனை ஊரில் ஆமியின் கையில் பறிகொடுத்தவர். குசினிச் சுவரில் அவனுடைய படம் மாலையோடு இருந்தது. மகளை ஒரே நிபந்தனையில்தான் விளையாட விட்டிருந்தார்: மனதுக்கு ஏதும் பிழையாகப் பட்டால் அன்றைக்கே நிப்பாட்டிவிடுவாராம். மாமி சொன்னால் சொன்னதுதான். மச்சாளுக்கோ அண்ணன் போன பிறகு அந்தப் பந்துதான் மூச்சு. அவள் மறுபடி சிரித்ததை நாங்கள் கண்டதே அந்த மண்டபத்தில்தான்.

அதே மண்டபத்தில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு மாமி முதன்முதலாக வந்தார். கோயிலுக்குள் போவதுபோல, பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்து உட்கார்ந்தார். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் சும்மா இருப்பாரா? பெரிய மனிதர் என்றால் மாலை போட வேண்டும். துணிப்பூ மாலை ஒன்றைக் கொண்டுவந்து, விருந்தாளியாக வந்திருந்த கம்பனிக்காரரின் கழுத்தில் போட்டார். மாலை வாங்கியவர் உடனே கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். பாவம், அந்த மனிசனுக்கு அது எப்படித் தெரியும்? கமராக்கள் காத்து நின்றன. கொஞ்சம் யோசித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கதிரையில் ஏறி, அந்த மாலையை மச்சாளின் படத்துக்குச் சூட்டிவிட்டார்.

மண்டபம் கைதட்டியது. எங்கள் பக்கம் ஒருவரும் தட்டவில்லை. எங்கள் வீடுகளில் மாலையோடு தொங்கும் படங்கள் யாருடையவை என்று எங்களுக்குத்தானே தெரியும். மச்சாள் பந்தைக் கட்டிப்பிடித்தபடி தாயின் முகத்தையே பார்த்து நின்றாள்.

மாமி எழும்பினார். போச்சு, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நேரே கம்பனிக்காரரிடம் போய், "கழட்டுங்கோ தம்பி" என்று படத்தைக் காட்டினார். தமிழில்தான் சொன்னார். அவருடைய முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, அந்த மனிசன் மறுபேச்சில்லாமல் ஏறிக் கழற்றிக் கொடுத்தார். மாமி அதை மகளின் கழுத்தில் போட்டார்.

"என்ரை பிள்ளை உயிரோட நிக்கிறாள். மாலை அவளுக்குத்தான். போய் விளையாடு, பிள்ளை."

கமராக்காரர் ஒருவருமே அந்தக் கணத்தைப் பிடிக்கவில்லை. இன்னொருக்காப் போடச் சொல்லிக் கையால் காட்டினார்கள். கம்பனிக்காரரும் கெஞ்சினார். நான் மொழிபெயர்த்தேன். மாமி மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "ஒருக்காப் போட்டது காணும், இனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் தோற்றுப்போனார்கள். எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

இன்று படிக்கும்போதே பிள்ளைகள் தங்கள் முகத்தைக் கம்பனிகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். போனைத் திறந்தால் அவர்கள்தான். குறை சொல்ல நான் யார், வேர்வை அவர்களுடையது. ஆனால் அன்று அந்த மண்டபத்தில் அத்தனை கமரா இருந்தும், ஒரு தாய் தன் மகளுக்கு மாலை போட்ட படம் இந்த உலகத்தில் ஒருவரிடமும் இல்லை.