நகலை எழுப்பிய காலை

மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'ஒத்திகை அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கணினிப் பிரிவின் பொறுப்பாளர். அங்கிருந்த சர்வர்கள் எல்லாமே மெய்நிகர் கணினிகள். ஒரு முழுக் கணினியே ஒரு கோப்புக்குள் அடங்கிவிடும். அவற்றின் நகல்கள் ஊரின் மறுகோடியிலிருந்த கிளைக் கட்டடத்தில் தயாராக இருந்தன. இங்கே ஏதாவது ஆனால் அங்கே எழுப்பிவிடலாம். அதற்கு அடிக்கடி ஒத்திகை வைத்து எல்லோரையும் பாடாய்ப் படுத்துவாள். வார்டில் நர்ஸாக இருந்த அவள் தங்கைகூடச் சலித்துக்கொள்வாள்.

ஒரு காலையில் சர்வர் அறைக்கு மேலே தண்ணீர்க் குழாய் வெடித்தது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது இயந்திரங்களின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வார்டுகளில் திரைகள் ஒவ்வொன்றாக இருண்டன.

"கொஞ்சம் பொறும்மா, காயவச்சுப் பாக்கலாம்" என்றார் நிர்வாகி.

"ஆபரேஷன் நடந்துட்டிருக்கு சார். நகலை எழுப்பிடறேன். ஆனா அது சில நிமிஷம் பின்தங்கித்தான் இருக்கும். கடைசியா பதிஞ்சது எதுவும் அதுல இருக்காது."

அவர் அனுமதிக்காக அவள் காத்திருக்கவில்லை. ஒலிபெருக்கியில் கடைசிப் பதிவுகள் திரையில் இருக்காது என்று எல்லா வார்டுகளுக்கும் எச்சரிக்கை சொல்லிவிட்டு நகலைத் தொடங்கினாள். நோயாளிகளின் பதிவேடு எழுந்தது. ஆய்வகத்தின் கணினி மட்டும் எழவில்லை. அதை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். ஒருவழியாக வந்தது. மூச்சு விடுவதற்குள் தொலைபேசி அடித்தது. தங்கைதான்.

"அக்கா, இப்பத்தான் டியூட்டிக்கு வந்தேன். ஊசி போடலன்னு ஸ்கிரீன் காட்டுது. மருந்தை எடுத்துட்டேன். 'இப்பத்தானேம்மா போட்டாங்க'ன்னு ஒரு பெரியவர் கையைப் பிடிச்சுட்டாரு. ரெண்டாவது தடவை போட்டிருந்தா..."

"ஸ்கிரீனை நம்பாத. ஒவ்வொருத்தரையும் வாயால கேளு. பக்கத்து வார்டுக்கும் ஓடிப்போய்ச் சொல்லு."

மாலைக்குள் எல்லாம் சீரானது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றே திட்டத்தை மாற்றினாள். இனி நகல் எழுந்தாலும், விட்டுப்போன பதிவுகளை ஒவ்வொரு வார்டும் சரிபார்த்துச் சொன்ன பிறகுதான் மருந்துப் பட்டியல் திறக்கும்.

மறுநாள் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனாள்.

"நீங்க எந்த டாக்டரும்மா?"

"டாக்டர் இல்லைங்க. கம்ப்யூட்டர் பாக்கறவ."

"நல்லதாப் போச்சு. இந்த டிவி ஏன் வரலைன்னு கொஞ்சம் பாரு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.