பிரேக் அக்கா விட்டுவிட்ட செவ்வாய்க்கிழமை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த அம்மாளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர் வைத்தது அவளிடம் படித்தவர்கள்தான். அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் அதில் கால் படுவதற்கு முன்பே அவள் "பிரேக்!" என்று போடும் சத்தத்தில் எதிரே வருகிற வண்டியும் சேர்ந்து நின்றுவிடும். இருபது வருஷத்தில் எத்தனையோ பேரைச் சாலையில் இறக்கிவிட்டவள். அவர்கள் ஓட்டுகிற லட்சணத்துக்கு அவள் பொறுப்பல்ல.

அப்படிப்பட்டவளுக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் வாழவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. இன்னதுதான் காரணம் என்று அவளாலேயே சொல்ல முடியாது. முதலில் தூக்கம் போயிற்று, பிறகு பசி போயிற்று, அப்புறம் பேச்சும் போயிற்று. வேலை அலுப்பு என்றார் வீட்டுக்காரர். நாத்தனார் ஒருத்திதான் சமையலறை வாசலில் நின்று, சுற்றி வளைக்காமல், "சாகணும்னு தோணுதா உனக்கு?" என்று கேட்டாள். கேட்டதோடு விடவில்லை, கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரை, டாக்டர், நாத்தனாரின் ஓயாத வாய், எல்லாம் சேர்ந்து அவளை எழுப்பி உட்கார வைத்தன.

நூலகத்தின் மாடி அறையில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் கதையைச் சொல்வார்கள், தவிக்கிறவர்கள் கேட்பார்கள். அங்கே ஒரு சட்டம்: எப்படிச் சாக நினைத்தாய் என்று யாரும் சொல்லக் கூடாது. மறுநாள் காலையில் என்ன செய்தாய் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமை முதல் தடவையாகப் பிரேக் அக்காவின் முறை. வெளுத்து வாங்கினாள். "அன்னியோட அந்த நினைப்பை ஒழிச்சுக் கட்டிட்டேன். எட்டு வருஷமா கிட்டயே வரலை" என்று முடித்தபோது ஒரே கைதட்டல். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் தட்டவில்லை. டீயைக் குடிக்காமல் நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிரேக் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவள் கடைசியில் சொன்னது பொய். கேட்கிறவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறேன் பேர்வழி என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தாள். உடனே எழுந்து அவர் பின்னாலேயே போனாள்.

இரண்டு தெரு தள்ளி, அவர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தாள். அவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சாகணும்னு தோணுதா சார்?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார். "நீங்க ஒரேயடியா ஜெயிச்சுட்டீங்கம்மா. எனக்கு மாத்திரை சாப்பிட்டும் வருது. அப்ப நான் தேறவே மாட்டேன்னுதானே அர்த்தம்?"

உண்மையைச் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும், அப்புறம் இவளை நம்பி யார் வண்டி பழக வருவார்கள்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"நான் புளுகினேன் சார். இந்தச் செவ்வாய்க்கிழமைகூட எனக்கு வந்துச்சு. தலைவலின்னு சொல்லி நாத்தனார் வீட்ல போய்க் கிடந்தேன். புதன்கிழமை காலையில போயிடுச்சு. ஏழு மணி கிளாஸுக்குப் போனேன். முன்ன மாதிரி இல்ல, எப்பவோதான் வருது. வந்தாலும் தங்கறதில்ல."

"நாத்தனாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

சொன்னதும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அங்கேயே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏண்டி, அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு நீ பேசறதைக் கேட்டிருப்பேனே! இன்னிக்கு இங்கயே வந்து படு. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட ரெண்டு பேருமாப் போறோம்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. பிறகு தன் போனை எடுத்து, நம்பரைப் போட்டு, அழித்து, மறுபடி போட்டார்.

"அண்ணே, கடையிலதான் இருக்கேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுதான் சரியில்ல. தனியா இருக்க பயமா இருக்கு. கொஞ்சம் வர்றியா?"

பத்து நிமிஷத்தில் அண்ணன் ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தார். ஒரு காலில் அவருடைய செருப்பு, மறு காலில் மனைவியின் செருப்பு.