நம்ம பேருக்கு மட்டும் செத்துப்போகும் புரோகிராம்

கறுப்புத் திரை. இடது ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்று எழுத்து, பக்கத்தில் துடிக்கிற ஒரு கோடு. பொத்தான் இல்லை, படம் இல்லை, இங்கே அழுத்து என்று சொல்ல நாதி இல்லை. டீபக்கர் என்ற கருவியை முதன்முதலாகத் திறந்தபோது நான் பார்த்தது இவ்வளவுதான். ஒரு புரோகிராம் எந்த இடத்தில் உடைகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க அது உதவும் என்றார்கள். எனக்கென்னவோ, நான் எங்கே உடைவேன் என்றுதான் அது அந்த ஐந்து நாளும் பார்த்துக்கொண்டிருந்தது போலிருந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. அதற்கு முன் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். ரப்பர் போய் எண்ணெய்க்குப் போடும் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடுகள் கட்டத் தொடங்கியதும் ஆபீசைப் பூட்டிவிட்டார்கள். ஈப்போவில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஒரு கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதச் சேர்ந்தேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். மூன்று மாதம் சோதனைக் காலம். அது வெள்ளிக்கிழமை முடிகிறது. திங்கட்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது.

கமுந்திங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு நாங்கள் ஒரு புரோகிராம் செய்து கொடுத்திருந்தோம். நோயாளியின் பெயரைத் தட்டினால் அவருக்கென்று ஒரு கோப்பு உண்டாகி, கார்டு அச்சாகி வரும். போட்டுக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அங்கே கவுன்டரில் இருக்கும் அக்கா பேசினார்.

"தங்கச்சி, ஒங்க புரோகிராமுக்கு நம்ம ஆளுங்களப் புடிக்கல போலருக்குலா. மலாய்க்காரங்க பேரு போட்டா போவுது. சீனவங்க பேரு போட்டா போவுது. நம்ம பேரு போட்டா மட்டும் பட்டுனு செத்துப்போவுது. பாவம், ஊசி குத்திக்க வந்தவங்க கார்டு இல்லாம ஒக்காந்திருக்காங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நம் ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் இதே பாட்டு. பஸ் தாமதமானாலும் நம்மைப் பிடிக்கவில்லை, வரிசை நீண்டாலும் நம்மைப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குக்கூடவா நம்மைப் பிடிக்காது? பார்க்கிறேன் அக்கா என்று சொல்லி வைத்தேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை.

முதலாளி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக நாசி கண்டார் என்ற கறிச்சோற்றுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். அவர் ஒருவர்தான் கறிச்சட்டியை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். அவரை எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் மேசை அருகே வந்து நின்றார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள இத சரி பண்ணிரும்மா. முடியலன்னா நான் வேற ஆளப் பாக்க வேண்டி வரும். கோவிச்சுக்காத, சொல்லாம இருந்துட்டு அப்பறம் சொன்னா அது தப்புலா."

அவர் நல்லவர். நல்லவர்கள் சொன்னால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

பக்கத்து மேசையில் இருந்த சீனப் பெண்தான் டீபக்கரைத் திறந்து கொடுத்தாள். எங்களுக்குள் பேச்சு மலாயில்தான் நடக்கும். ஒரு மஞ்சள் தாளில் ஏழெட்டுக் கட்டளைகளை எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். ரன் என்றால் ஓடும். பிரேக் என்றால் சொன்ன இடத்தில் நிற்கும். நெக்ஸ்ட் என்றால் ஒரு வரி நகரும். பிரிண்ட் என்றால் உள்ளே என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். சுலபம், சமையல் குறிப்பு மாதிரி என்றாள். அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

ரன் என்று தட்டினேன். ஓடியது. சோதனைக்காக நானே எழுதி வைத்திருந்த இருபது பெயர்களையும் போட்டேன். இருபதும் அழகாகப் போய் முடிந்தன. செத்துப்போகிறது என்று ஊரே சொல்லும் புரோகிராம் என்னிடம் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. சாகாததை எங்கே நிறுத்திப் பார்ப்பது? நிறுத்தினேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று வரி வரியாக நகர்ந்தேன். நடுவில் யோசித்துக்கொண்டே சும்மா என்டர் தட்டினேன். அது இன்னொரு வரி நகர்ந்தது. நான் சொல்லவே இல்லையே என்று பதறி மறுபடி தட்டினேன், மறுபடி நகர்ந்தது. ஒன்றும் எழுதாமல் என்டர் தட்டினால் கடைசியாகச் சொன்ன கட்டளையையே அது திரும்பச் செய்யும் என்று அரை நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்காவை நானே கூப்பிட்டேன். செத்த பெயர்களில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். எந்நேரமும் வாசலோரம் உட்காரும் ஒரு அம்மாவின் பெயரைச் சொன்னார். தட்டினேன். போனது. இன்னொன்று சொன்னார். அதுவும் போனது. "இங்க செத்துச்சேலா!" என்றார் அவர். "இங்க சாகலையே அக்கா!" என்றேன் நான். தொலைபேசியில் இரண்டு பேரும் சண்டைக்காரிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சத்தம் போட்டோம். அவர் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புதன்கிழமை முழுக்க நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. கட்டளைகளை மாற்றி மாற்றிப் போட்டேன். அப்படி ஒன்று இங்கே இல்லை என்று அது சொன்னது. இருக்கிறது என்று நான் திரும்பப் போட்டேன். மாலையில் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேலை போனால் இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள்? எழுதத் தெரியாததை எழுதத் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

சீனப் பெண் ஒரு வழி சொன்னாள். புரோகிராம் சாகும்போது அந்த நிமிடத்தில் உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லலாம். பிணத்தைப் பாதுகாத்து வைப்பது மாதிரி. அதை டீபக்கரில் திறந்து பார்க்கலாம். அவளே இங்கிருந்தபடி கமுந்திங் கம்ப்யூட்டரில் அதற்கு ஏற்பாடு செய்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே ஒரு பெயருக்குப் புரோகிராம் செத்தது. பத்தரைக்குப் பிணம் என் திரைக்கு வந்து சேர்ந்தது.

மஞ்சள் தாளில் கடைசியாக எழுதியிருந்த பேக்டிரேஸைத் தட்டினேன். சாவதற்கு முன் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று அது வரிசையாகக் காட்டும். மேலே இருந்த ஐந்து வரியும் எனக்குத் தெரியாத ஊர். ஆறாவது வரியில் நான் எழுதிய பகுதியின் பெயர் இருந்தது. கார்டுக்கான கோப்பைத் திறக்கும் பகுதி. அந்த இடத்துக்குப் போய் நின்று பிரிண்ட் போட்டேன். கோப்பு திறக்கவே இல்லை, சுழியம் என்றது. கோப்பின் பெயரைக் காட்டச் சொன்னேன். காட்டியது. ஓர் அம்மாவின் பெயர், ஏ/பி, அவருடைய அப்பாவின் பெயர்.

இதில் என்ன தப்பு? நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை. அடையாள அட்டையில் நம் எல்லாருக்கும் இப்படித்தானே இருக்கும், ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி, இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்து போகவில்லை. மூன்று மணி மழை வந்து, ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை மறைந்து, திரும்பத் தெரிந்தது.

அப்புறம்தான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை அக்கா எனக்குச் சொன்ன பெயர்களில் இது இல்லை. அவர் கூப்பிடுகிற பெயரைச் சொன்னார். நானும் கூப்பிடுகிற பெயரைத் தட்டினேன். எந்தத் தமிழன் இன்னொரு தமிழனை ஏ/எல் போட்டுக் கூப்பிடுகிறான்? என் இருபது பெயர்களிலும் நம் ஆட்கள் ஏழு பேர் இருந்தார்கள், ஏழு பேருக்கும் அப்பன் இல்லை. ஆனால் அக்கா கவுன்டரில் அட்டையைப் பார்த்து முழுசாகத் தட்டியிருக்கிறார்.

என் அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருந்தபடியே என் பெயரை முழுசாகத் தட்டினேன். நான்கு நாளாகக் கல்லு மாதிரி இருந்த புரோகிராம் என் பெயருக்குப் பட்டென்று செத்தது.

ஏ/எல், ஏ/பி நடுவில் வரும் அந்தச் சாய்வுக் கோட்டைத்தான் கம்ப்யூட்டர் அலமாரியையும் அலமாரிக்குள் இருக்கும் கோப்பையும் பிரிக்கப் பயன்படுத்துகிறது. முதல் வருடப் பாடம். பெயரில் கோடு வந்ததும் இல்லாத ஓர் அலமாரியைத் தேடிப் போய், கிடைக்காமல் விழுந்திருக்கிறது. முதலாளி பெயரில் மகன் என்பதற்கு மலாயில் ‘பின்’ என்று இருக்கும், கோடு இல்லை. சீனப் பெண்ணுக்கும் இல்லை. கோடு உள்ளது ஆபீசிலேயே எனக்கு மட்டும்தான். அந்த வரியை எழுதியதும் நான்தான். அக்கா சொன்னது அத்தனையும் அட்சரம் பிசகாத உண்மை.

எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. வெட்டிவிட்டேன். வேலைக்கு எழுதிப்போட்ட முதல் விண்ணப்பங்களில் முழுப் பெயர் போட்டேன், ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை. கூடப் படித்த ஒருத்தி, அந்த வாலை வெட்டிப் போட்டுப் பாரேன் என்றாள். வெட்டினேன். கூப்பிட்டார்கள். அதனால்தான் கூப்பிட்டார்களா, தற்செயலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு மின்னஞ்சலிலும் வெட்டினேன், ஆபீஸ் கதவில் தொங்கும் பெயர் அட்டையிலும் வெட்டினேன். வால் என்று நாங்கள் சொன்னது என் அப்பாவை. தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்த மனுஷனை.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி அறையில் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"அட, இவ்வளவுதானா! பேர்ல அந்தத் துண்ட மட்டும் வெட்டிட்டா போச்சு. அஞ்சு நிமிசம்லா."

"வெட்டாதீங்க அண்ணே!"

சத்தம் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது. நான் செய்ததைத்தான் அவரும் சொன்னார். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அப்போது விளங்கவில்லை. கோப்புக்கு அடையாள அட்டையின் ஐசி நம்பரைப் பெயராக வைக்கலாம், ஆளின் பெயர் கார்டில் முழுசாக வரட்டும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். தலையாட்டினார்.

"சரி, அப்படியே செய். இந்த வரி யாரு எழுதுனது? முன்னால இருந்த ஆளா?"

எனக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். ஆமாம் என்று சொன்னால் அதோடு முடிந்தது, யாரும் தோண்டப் போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சோற்றை அவரே போட்டுக் கொடுக்கிறார்.

"நான்தாண்ணே எழுதுனேன். வந்த ரெண்டாவது வாரம்."

"ஒன் பேர்லயும் அது இருக்குமேம்மா?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இன்னும் ஒரு மாசம் பாப்போம்."

வெளியே வந்தேன். தப்பித்தேனா, தள்ளிப்போட்டாரா, ஒன்றும் புரியவில்லை. பேசாமல் உட்கார்ந்து திருத்தத்தை எழுதினேன். சோதனைப் பெயர்களில் இருபதையும் அழித்துவிட்டு, முதல் பெயராக என்னுடையதைத் தட்டினேன், அப்பாவோடு சேர்த்து. புரோகிராம் நிற்காமல் அதைத் தாண்டிப் போய்விட்டது. நான்தான் அடுத்த பெயரைத் தட்ட முடியாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.